பென்டிரைவில் ஒரு ஸ்டுடியோ

பென்டிரைவைச் செருகிவிட்டுக் கணினியை ஆன் செய்கிறீர்கள். வழக்கமாக வரும் திரை வரவில்லை. வேறொரு பின்னணிப் படம், வேறொரு மெனு. அதைத் திறந்தால் ஓவியம் வரைய ஒரு செயலி, போட்டோ திருத்த ஒன்று, பாட்டுப் பதிய ஒன்று, வீடியோ வெட்டி ஒட்ட ஒன்று, முப்பரிமாண அனிமேஷனுக்கு ஒன்று என வரிசையாக நிற்கின்றன. எதுவும் சந்தா கேட்கவில்லை. மின்னஞ்சல் முகவரிகூடக் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் நோண்டிப் பார்த்துவிட்டு அணைக்கிறீர்கள். பென்டிரைவைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்தால் பழைய கணினி, பழைய கோப்புகள், விட்டது விட்டபடி.

லினக்ஸ் உலகில் இதை 'லைவ்' முறை என்கிறார்கள். இயங்குதளம் பென்டிரைவிலிருந்து படிக்கப்பட்டு, கணினியின் ரேமில் ஓடுகிறது. நீங்களாகச் சொன்னாலொழிய உள்ளே இருக்கும் டிஸ்க்கில் ஓர் எழுத்துகூட எழுதாது. கலை சார்ந்த வேலைகளுக்கென்றே தொகுக்கப்பட்ட உபுண்டு ஸ்டுடியோவை இப்படித்தான் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. முதலில் நிறுவிவிட்டுப் பிறகு யோசிப்பவர்கள் பலர் பாதி வழியில் திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித் திரும்பியவன்தான். இரண்டாம் தடவை பென்டிரைவோடு ஒரு சின்ன வேலையையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எது சரிவரும், எது வராது என்று அந்த வேலை சொல்லிவிட்டது.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

இயங்குதளம் என்பது கணினியின் வன்பொருளுக்கும் நீங்கள் பயன்படுத்தும் செயலிகளுக்கும் நடுவில் நின்று வேலை வாங்கும் மென்பொருள். அதன் நடு உறுப்புக்குக் கெர்னல் என்று பெயர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார்: யார் வேண்டுமானாலும் பயன்படுத்தவும், படித்துப் பார்க்கவும், மாற்றவும், பகிரவும் கூடிய ஒரு முழு இயங்குதளம் செய்வது. கெர்னல் மட்டும் அவர்களுக்கு நெடுநாள் கைகூடவில்லை. 1991இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 'பொழுதுபோக்காகச் செய்கிறேன்' என்று சொல்லி ஒரு கெர்னலை வெளியிட்டார். அதுதான் லினக்ஸ். இரண்டும் சேர்ந்து இன்று நாம் லினக்ஸ் என்று பொதுவாகச் சொல்லும் குடும்பம் உருவானது.

இதைத் தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறோம். யார் முதலில் சொன்னாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. இலவசம் என்பது விலையைப் பற்றிய சொல். கட்டற்றது என்பது உரிமையைப் பற்றிய சொல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லாகப் போய்விட்டதால், ஸ்டால்மன் வழிவந்தவர்கள் நாற்பது ஆண்டுகளாக விளக்கம் சொல்லி ஓய்ந்துபோகிறார்கள்.

கலைக் கருவிகளிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் கட்டற்றது. ஆனால் அதை உருவாக்குபவர்கள் தாங்களே தொகுத்துத் தரும் பதிப்புக்குப் பணம் கேட்கிறார்கள். மூல நிரலை, அதாவது மென்பொருள் எழுதப்பட்ட வரிகளை, எடுத்து நீங்களே தொகுத்துக்கொண்டால் காசு இல்லை. உபுண்டு ஸ்டுடியோ தொகுத்துத் தருவதற்கும் காசு இல்லை. கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளை அதன் தளத்தில் சும்மா இறக்கிக்கொள்ளலாம். செயலிக் கடைகளில் விலைக்கும் விற்கிறார்கள், அந்தப் பணம் உருவாக்குநர்களுக்குப் போகிறது. இதற்கு நேர் எதிர்ப்பக்கம் டாவின்ச்சி ரிசால்வ். வீடியோவில் நிறம் சீராக்கும் தொழிலில் பெயர்பெற்ற மென்பொருள், அதன் ஒரு பதிப்பு காசில்லாமல் கிடைக்கிறது, லினக்ஸிலும் ஓடுகிறது. ஆனால் கட்டற்றது அல்ல. நாளை அந்தப் பதிப்பை நிறுத்துகிறோம் என்றால் நிறுத்திவிடலாம்.

நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிளெண்டரின் கதையைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது. முப்பரிமாண உருவங்களும் அனிமேஷனும் செய்யும் இந்த மென்பொருளை டோன் ரோசண்டால் என்ற டச்சுக்காரர் தொடங்கினார். அதை வைத்து நடத்திய நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. மென்பொருளின் உரிமை முதலீட்டாளர்களிடம் இருந்தது. அதோடு அதன் ஆயுள் முடிந்திருக்க வேண்டும். ரோசண்டால் அவர்களிடம் பேசி ஒரு விலை முடித்தார்: 1,00,000 யூரோ கொடுத்தால் மூல நிரலைப் பொதுவில் விடலாம். பயன்படுத்துகிறவர்களிடம் கையேந்தினார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது. 2002 அக்டோபர் 13 அன்று பிளெண்டர் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. 2025இல் சிறந்த அனிமேஷன் திரைப்படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்ற லாத்விய நாட்டுப் படம் இந்த பிளெண்டரில்தான் செய்யப்பட்டது. அன்றைக்கு அந்த நிரல் ஏதோ ஒரு பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட்டிருந்தால் இந்த வாக்கியத்தை எழுத எனக்கு வாய்ப்பே இருந்திருக்காது.

வழங்கல் என்றால் என்ன

கெர்னலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கோடுகூட வரைய முடியாது. அதன் மேல் ஜன்னல்களும் பொத்தான்களும் கொண்ட ஒரு மேசைத்தளம், கோப்பு மேலாளர், உலாவி, எழுத்துருக்கள், டிரைவர்கள், செயலிகள் எல்லாம் வேண்டும். இவற்றை ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளாமல் சேர்த்துக் கட்டி ஒரே பொதியாகத் தருவதைத்தான் 'வழங்கல்' என்கிறோம்; டிஸ்ட்ரோ என்றும் சொல்வார்கள். உபுண்டு அப்படி ஒரு வழங்கல், 2004இல் தொடங்கியது. அதே அடித்தளத்தின் மேல் ஓவியம், இசை, புகைப்படம், வீடியோ, அச்சு வடிவமைப்பு ஆகியவற்றுக்கான செயலிகளை ஏற்றி, ஒலிக்கான அமைப்புகளை முன்கூட்டியே சரிசெய்து தருவது உபுண்டு ஸ்டுடியோ. அதன் முதல் பதிப்பு 2007 மே மாதம் வந்தது. மேசைத்தளம் காலத்துக்கேற்ப மாறிவந்திருக்கிறது. 2020 அக்டோபர் பதிப்பிலிருந்து கே.டி.இ. பிளாஸ்மா. இதே வேலைக்கு ஃபெடோரா குடும்பத்தில் டிசைன் சூட் என்றும், இசைக்காரர்களுக்கு ஜாம் என்றும் தனித்தனிப் பொதிகள் இருக்கின்றன. ஏ.வி. லினக்ஸ் என்று இன்னொன்று ஒலி, ஒளி வேலைக்காரர்களிடம் பேர்போனது. எதில் தொடங்கினாலும் உள்ளே இருக்கும் செயலிகள் ஏறக்குறைய அதேதான். எனவே 'எது சிறந்தது' என்று ஒரு வாரம் தேடிக்கொண்டிருப்பது வீண்வேலை.

பதிப்பு எண்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். 24.04 என்றால் 2024ஆம் ஆண்டு நான்காம் மாதம், அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும். இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரல் பதிப்பு மட்டும் 'எல்.டி.எஸ்.', அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. உபுண்டு ஸ்டுடியோவின் எல்.டி.எஸ்.ஸுக்கு மூன்று ஆண்டுகள் திருத்தங்கள் வரும். இடைப்பட்ட பதிப்புகளுக்கு ஒன்பது மாதம்தான். புதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எல்.டி.எஸ்.ஸை எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஓர் உண்மையை உடைத்துவிடுகிறேன். கிரிட்டா, கிம்ப் (போட்டோ திருத்த), இங்க்ஸ்கேப் (வெக்டர் படம் வரைய), பிளெண்டர், ஸ்கிரைபஸ் (பக்கம் வடிவமைக்க), கேடென்லைவ் (வீடியோவுக்கு), டார்க்டேபிள் (புகைப்படத்துக்கு), ஆர்டோர், ஆடாசிட்டி (ஒலிக்கு) ஆகிய எல்லாமே விண்டோஸிலும் ஓடும்; மேக்கிலும் ஓடும். வெறும் செயலிகளுக்காக இயங்குதளத்தை மாற்ற வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. இன்றைக்கே உங்கள் கணினியில் கிரிட்டாவை நிறுவி ஒரு மாதம் வரைந்து பார்க்கலாம். பிடித்துவிட்டால் லினக்ஸுக்கு வரும்போது அதே செயலி, அதே குறுக்குவிசைகள், அதே கோப்புகள் உங்களை வரவேற்கும். மாற்றம் ஒரே நாளில் தலையில் விழாது. செயலியை முதலில், இயங்குதளத்தைப் பிறகு என்ற இந்த வரிசையை யாரும் புதியவர்களிடம் சொல்வதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

அப்படியானால் இயங்குதளம் எதற்கு? முக்கியமாக, ஒலிக்கு.

ஐந்து மில்லிவினாடியின் அருமை

மைக் முன்னால் பாடுகிறீர்கள். ஹெட்போனில் உங்கள் குரல் கொஞ்சம் பிந்தி வருகிறது. அந்தப் பிந்தலுக்கு லேட்டன்சி என்று பெயர். கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாகக் கையாள்வதில்லை. ஒரு குவளை நிறையும்வரை காத்திருந்து மொத்தமாக எடுத்துப்போகிறது. அந்தக் குவளைதான் பஃபர். வினாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் பதிவில், 1,024 மாதிரிகள் பிடிக்கும் பஃபர் நிறைய ஏறத்தாழ 21 மில்லிவினாடி ஆகும். 256 மாதிரி என்று வைத்தால் 5.3 மில்லிவினாடி. உள்ளே வரும்போது ஒரு பஃபர், வெளியே போகும்போது ஒரு பஃபர் என்பதால் உண்மையான பிந்தல் இதைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் இருக்கும்.

எண்ணாகப் பார்த்தால் இது ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 5.3 மில்லிவினாடி என்பது இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் நிற்கும் ஸ்பீக்கரிலிருந்து ஒலி வந்து சேர ஆகும் நேரம். எந்தக் கலைஞருக்கும் பழக்கமான தூரம். 21 என்றால் ஏழு மீட்டர். இருபுறமும் கூட்டினால் பதினான்கு மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டே தாளம் பிசகாமல் வாசிக்கச் சொல்வது மாதிரி. விரல் ஒன்று சொல்லும், காது ஒன்று சொல்லும்.

சரி, பஃபரைச் சின்னதாக வைத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் கெர்னல் வருகிறது. குவளை சின்னதானால் அடிக்கடி நிறையும். ஒவ்வொரு தடவையும் செயலி சரியான நேரத்துக்கு வந்து எடுத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கணினி வேறு ஏதோ கோப்பைத் துழாவிக்கொண்டிருந்தால் ஒலியில் 'டிக்' என்று ஒரு வெடிப்பு. லினக்ஸ்காரர்கள் இதை எக்ஸ்ரன் என்பார்கள். அருமையாகப் பாடிய ஓர் அடியில் ஒரே ஒரு எக்ஸ்ரன் விழுந்தால் போதும், அந்தப் பதிவு போயிற்று. ஆகவே ஒலி வேலைக்கு மற்ற எதையும்விட முன்னுரிமை தரும்படி கெர்னலைப் பழக்க வேண்டும். இதற்கென ரியல்டைம் திருத்தங்கள் சுமார் இருபது ஆண்டுகள் கெர்னலுக்கு வெளியே தனியாகவே வளர்ந்துவந்தன. 2024 நவம்பரில் வெளிவந்த லினக்ஸ் 6.12இல்தான் அவை முழுமையாக உள்ளே சேர்ந்தன. சாதாரண வழங்கல் ஒன்றில் இந்த முன்னுரிமைகளை நீங்களே தேடித் தேடி அமைக்க வேண்டியிருக்கும். உபுண்டு ஸ்டுடியோவில் அவை முதல் நாளே தயாராக இருக்கின்றன. பஃபர் அளவை மாற்றத் தனியாக ஓர் அமைப்புப் பலகையும் உண்டு.

இன்னொரு வசதி, பழகியவர்களால் விட முடியாதது. ஒரு செயலியிலிருந்து வெளிவரும் ஒலியை இன்னொரு செயலிக்குள் திரையிலேயே கம்பி இழுத்து இணைக்கலாம். ஹைட்ரஜன் என்ற டிரம் மெஷினின் வெளியீட்டை ஆர்டோரின் ஒரு டிராக்கில் செருகு. அதே ஒலியை எதிரொலி சேர்க்கும் வேறொரு செயலிக்கும் கிளை பிரி. அங்கிருந்து வருவதைத் தனி டிராக்கில் பிடி. ஸ்டுடியோச் சுவரில் இருக்கும் பேட்ச் பலகை அப்படியே திரைக்கு வந்த மாதிரி. இதைத் தொடங்கிவைத்தது ஜாக் என்ற அமைப்பு. ஆர்டோரை உருவாக்கிய பால் டேவிஸின் கைவேலை. அந்தக் காலத்தில் ஜாக்கை ஓட்டினால் உலாவியில் பாட்டுக் கேட்காது, உலாவியில் கேட்டால் ஜாக் முரண்டு பிடிக்கும். இப்போது விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் இரண்டு வேலையையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்கிறது. 24.04 பதிப்பில் அதுவே இயல்பான ஒலி அமைப்பு. பத்து ஆண்டுகளுக்கு முன் லினக்ஸில் ஒலிப்பதிவு செய்து மனம் நொந்து திரும்பியவர்கள் இன்னொரு தடவை எட்டிப் பார்க்கலாம்.

ஒலியோடு சம்பந்தமே இல்லாத ஓவியர் இந்தப் பகுதியைத் தாண்டிவிட்டிருந்தால் வருத்தமில்லை. அவருக்கு இயங்குதளம் தரும் பயன் இதைவிடக் குறைவு என்பதையும் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

பென்டிரைவைத் தயார் செய்தல்

குறைந்தது 8 ஜி.பி. கொள்ளும் பென்டிரைவ் ஒன்று. 16 இருந்தால் நிம்மதி. அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். சொல்லவே தேவையில்லாத விஷயம்தான், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஒரு தடவை அழித்திருக்கிறேன்.

உபுண்டு ஸ்டுடியோவின் தளத்தில் ஐ.எஸ்.ஓ. என்ற பெரிய கோப்பு ஒன்று கிடைக்கும். பல ஜி.பி. அளவுள்ளது என்பதால் இறக்கும்போது பாதியில் பழுதாகும் வாய்ப்பு உண்டு. அதற்காகத்தான் பக்கத்திலேயே 'செக்சம்' என்று எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு நீண்ட சரத்தைத் தந்திருப்பார்கள். உங்கள் கோப்புக்கும் அதே சரம் வருகிறதா என்று ஒப்பிட்டுக்கொண்டால், பின்னால் புரியாத பிழைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். கோப்பைப் பென்டிரைவில் இழுத்துப் போட்டால் வேலைக்காகாது. எட்சர், ரூஃபஸ் போன்ற ஒரு கருவியைக்கொண்டு எழுத வேண்டும். பல வழங்கல்களை ஒரே பென்டிரைவில் வைத்துப் பார்க்க ஆசை என்றால் வென்டாய் நல்லது.

பிறகு கணினி எழும்போதே எஃப்12, எஃப்2, எஸ்கேப், டெலீட் இவற்றில் ஏதோ ஒரு விசையைத் தட்டிப் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறும். எம்1, எம்2 வகைச் சிப் கொண்ட மேக்குகளில் இந்த வழி செல்லாது.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, பிட்லாக்கர். டிஸ்க் அதனால் பூட்டப்பட்டிருந்தால், எழுப்பும் அமைப்புகளில் கைவைத்த பிறகு விண்டோஸ் திரும்ப எழும்போது மீட்புச் சாவி கேட்கக்கூடும். அந்த 48 இலக்க எண்ணை எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். உங்களுக்கே தெரியாமல் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருக்கலாம் என்பதால் 'எனக்கு இல்லை' என்று அனுமானிக்க வேண்டாம். மற்றது, 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. இது இயங்கினால் விண்டோஸ் முழுவதாக அணைவதில்லை, அரைத் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் அதன் டிஸ்க்கை லினக்ஸ் படிக்க மட்டுமே விடும், எழுத விடாது. அது பழுதில்லை, பாதுகாப்பு.

திரை எழுந்ததும் 'நிறுவு' என்ற பக்கம் போகாமல் 'முயன்று பார்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் சில சில்லறைச் சோதனைகள்: வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, திரையின் பிரகாசம் மாறுகிறதா, மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா. கிராஃபிக்ஸ் டேப்லெட் இருந்தால் கிரிட்டாவைத் திறந்து ஒரு கோடு இழுங்கள். அழுத்தத்துக்கேற்பத் தடிமன் மாற வேண்டும். வேக்கம் டேப்லெட்டுகளுக்கான டிரைவர் கெர்னலிலேயே இருப்பதால் அவை பெரும்பாலும் செருகியதும் ஓடும். வேறு சிலவற்றுக்கு ஓப்பன் டேப்லெட் டிரைவர் என்ற தனிக் கருவி தேவைப்படலாம். மைக்கையும் இசைக்கருவியையும் கணினியோடு இணைக்கும் யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் 'கிளாஸ் கம்ப்ளையன்ட்', அதாவது பொது விதிப்படி இயங்கும் வகையைச் சேர்ந்ததென்றால் தனி டிரைவரே வேண்டாம்.

வேகத்தை வைத்து மட்டும் எடைபோடாதீர்கள். பென்டிரைவ் என்பது டிஸ்க்கைவிட மெதுவானது. செயலிகள் திறக்க ஒரு யுகம் ஆகும். என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை இருந்தால் அதற்குரிய முழு டிரைவர் லைவ் முறையில் ஏறாமல் இருக்கலாம். பிளெண்டர் தள்ளாடுவதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். இன்னொன்று: அணைத்தால் எல்லாம் போய்விடும். இந்தத் தத்துவம் தெரிந்தே இரண்டு மணி நேரம் ஒரு படம் வரைந்து, சேமித்தும்விட்டு, கணினியை அணைத்தவன் நான். சேமித்தது ரேமில். படம் எங்கே போயிற்று என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. இன்னொரு பென்டிரைவைச் செருகி அதில் சேமியுங்கள்.

ஒரே ஒரு வேலை

இப்போது கையோடு கொண்டுவந்த வேலைக்கு வருவோம். ஏற்கெனவே வேறு மென்பொருளில் நீங்கள் செய்து முடித்த ஒன்றாக இருக்கட்டும். முடிவு எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்த வேலையில்தான் கருவியின் குணம் தெரியும். நான் எடுத்துக்கொண்டது ஒரு புத்தக அட்டை: கையால் வரைந்த படம், தலைப்பு எழுத்து, அச்சகத்துக்கு அனுப்பும் பி.டி.எஃப்.

படத்தைக் கிரிட்டாவில் வரைந்தேன். ஓவியர்களை மனத்தில் வைத்தே கட்டிய செயலி. தூரிகைகள் ஏராளம், சட்டென்று நிறமும் தூரிகையும் மாற்ற வலது சொடுக்கில் ஒரு வட்டப் பலகை விரியும். கிம்ப் இருக்கும்போது கிரிட்டா எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கிம்ப் அடிப்படையில் போட்டோவைத் திருத்துகிற கருவி. கிரிட்டா வெற்றுத் தாளில் தொடங்குகிற கருவி. கிம்ப்பை 1995இல் பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் என்ற இரு மாணவர்கள் தொடங்கினார்கள். அதன் பொத்தான்களையும் மெனுக்களையும் வரைய அவர்கள் எழுதிய ஜி.டி.கே. என்ற நிரல்தொகுதி பிறகு தனியே வளர்ந்து, லினக்ஸ் மேசைத்தளங்களில் பெரியதான க்னோமுக்கே அடித்தளமாயிற்று. படம் திருத்தப் போன இடத்தில் மேசையையே செய்துவிட்டு வந்தார்கள். 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0இல், ஒரு படத்தின் மேல் போட்ட விளைவுகளைப் பின்னால் திரும்பிவந்து மாற்றும் வசதி சேர்ந்திருக்கிறது. புகைப்படக்காரர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது.

தலைப்பை இங்க்ஸ்கேப்பில் செய்தேன். கோடுகளைக் கணக்காகச் சேமிக்கும் வெக்டர் செயலி. எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு பிசிறாது. அதன் கோப்பு எஸ்.வி.ஜி. என்ற பொது வடிவம் என்பதால், எந்த உலாவியில் போட்டாலும் திறக்கும். கடைசியில் இரண்டையும் ஸ்கிரைபஸில் கொண்டுவந்து அடுக்கினேன். தமிழில் பக்கம் வடிவமைப்பவர்களுக்கு ஸ்கிரைபஸ் வெகுநாள் எட்டாக்கனியாக இருந்தது. பழைய 1.4 பதிப்புகளில் 'கொ' என்று தட்டினால் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் நிற்கும். 1.5 வரிசையில் எழுத்தமைப்புப் பொறியை மாற்றி எழுதினார்கள்; 2024 தொடக்கத்தில் நிலையான பதிப்பாக வந்த 1.6இல் யூனிகோடு தமிழ் ஒழுங்காக உட்காருகிறது. பழைய யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் தட்டிய மூட்டை ஏதும் வைத்திருந்தால் அதை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இடறிய இடமும் இதே வேலையில்தான் தெரிந்தது. அச்சகம் கேட்பது சி.எம்.ஒய்.கே. எனப்படும் நான்கு மை நிறமுறை. கிரிட்டாவும் ஸ்கிரைபஸும் அதை அறியும். கிம்ப் அச்சில் எப்படித் தெரியும் என்று காட்டும், மாற்றி ஏற்றுமதியும் செய்யும். ஆனால் முழுக்க அந்த முறையிலேயே வேலை செய்ய விடாது. இங்க்ஸ்கேப்பும் திரையின் நிறங்களைக்கொண்டே யோசிக்கிறது. ஆகவே நிறத்தைக் கடைசிப் படியில் ஸ்கிரைபஸில் தீர்த்துக்கொள்வதுதான் நடைமுறை. இது தெரியாமல் நடுவில் மாட்டிக்கொண்டால் லினக்ஸையே திட்டத் தோன்றும்.

கோப்புப் பரிமாற்றம்தான் உண்மையான முட்டுச்சுவர். ஃபோட்டோஷாப்பின் பி.எஸ்.டி. கோப்பைக் கிரிட்டாவும் கிம்ப்பும் திறக்கும்; அடுக்குகள் வரும், ஆனால் எழுத்து அடுக்குகளும் சில விளைவுகளும் உருமாறலாம். அடோபியின் பக்க வடிவமைப்புச் செயலியான இன்டிசைனின் சொந்தக் கோப்பை ஸ்கிரைபஸ் திறக்காது, ஐ.டி.எம்.எல். என்று ஏற்றுமதி செய்து தந்தால் ஓரளவு படிக்கும். அடோபியின் செயலிகள் லினக்ஸுக்கு வருவதில்லை. உங்களோடு வேலை செய்பவர்கள் எல்லோரும் அந்தக் கோப்புகளையே மூலமாகக் கேட்கிறார்கள், திருத்தித் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள் என்றால் மாறாதீர்கள். கட்டற்ற மென்பொருளின்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும், நாள்தோறும் கோப்பு மாற்றித் தந்து சாகச் சொல்ல மாட்டேன். முடிந்த பொருளை, அதாவது பி.டி.எஃப்., படம், வீடியோ, ஒலிக்கோப்பு, மட்டும் கொடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை.

வீடியோவுக்குக் கேடென்லைவ் பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். டாவின்ச்சி ரிசால்வின் காசில்லாப் பதிப்பை லினக்ஸில் போட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: அது எச்.264 என்ற வடிவில் சுருக்கிய வீடியோவை லினக்ஸில் ஏற்பதில்லை. கைப்பேசியும் கேமராவும் பெரும்பாலும் தருவது அதைத்தான் என்பதால், எல்லாவற்றையும் வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிவரும். இசையில் அதற்கு இணையான தொல்லை பிளகின்கள், அதாவது இசைச் செயலிக்குள் செருகிப் பயன்படுத்தும் துணை மென்பொருள்கள். விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்ட இசைக்கருவி பிளகின்கள் நேராக ஓடாது. விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டும் ஒயினும், அத்தகைய பிளகின்களை இணைத்துத் தரும் யாபிரிட்ஜும் சேர்ந்து பலவற்றை ஓட்டிவிடும், எல்லாவற்றையும் அல்ல.

நிறுவுவதென்று முடிவெடுத்தால்

வேலை முடிந்தது, பிடித்திருக்கிறது என்றால் அப்போது நிறுவலாம். அன்றாடம் பயன்படுத்தும் ஒரே டிஸ்க்கைப் பிரித்து இரண்டு இயங்குதளம் வைப்பது முடியும். நான் அதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். தனியே ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கி அதில் போடுவது மனநிம்மதிக்கு நல்லது. விண்டோஸ் 10இன் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால், 11க்குத் தகுதி இல்லை என்று ஓரமாக வைக்கப்பட்ட கணினிகள் பலரிடம் இருக்கின்றன. 8 ஜி.பி. ரேம் இருக்குமானால் அவற்றில் ஒன்று இதற்குப் பொருத்தமான இடம். எந்த வழியானாலும் நிறுவுவதற்கு முன் கோப்புகளுக்கு வெளி டிஸ்க்கில் ஒரு நகல் இருக்க வேண்டும். ஏற்கெனவே உபுண்டு வைத்திருப்பவர் எதையும் அழிக்கவே வேண்டாம்: உபுண்டு ஸ்டுடியோ இன்ஸ்டாலர் என்ற சின்னப் பொதியை ஏற்றினால், ஒலி, ஓவியம், வீடியோ என்று வேண்டிய தொகுதியை மட்டும் அதன்மேல் சேர்த்துக்கொள்ளலாம்.

வேலை பாதியில் நின்றது, பிடிக்கவில்லை என்றாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அடுத்த எல்.டி.எஸ். வரும்போது அதே வேலையை எடுத்துக்கொண்டு மறுபடி உட்காருங்கள். இடறிய இடம் சரியாகியிருக்கிறதா என்று ஒரு மாலையில் தெரிந்துவிடும்.

பென்டிரைவை மட்டும் உடனே அழித்துவிடாதீர்கள். உங்கள் பழைய இயங்குதளம் என்றாவது ஒருநாள் எழ மறுத்தால், இதே பென்டிரைவைச் செருகி, இதே லைவ் முறையில் எழுப்பி, கோப்பு மேலாளரில் உள் டிஸ்க்கைத் திறந்து, வேண்டியதை எல்லாம் வெளி டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ளலாம். பிட்லாக்கர் இருந்தால் அந்த 48 இலக்க எண் அப்போதும் தேவைப்படும்.